பொட்டு வைத்த பிளேன்

வெள்ளிமலைத் தோட்டம், பங்களாக் குசினி,
உடப்புசல்லாவை.
12.4.1964

மாப்ள நல்லமுத்துக்கு மச்சான் செல்லசாமி எழுதுறது. எப்பிடி இருக்கீங்க மாப்ள? கினிகத்தேனையில வருசத்துல பாதி நாளு மழைன்னு சொல்றாங்க. ஒங்க நெஞ்சுச்சளிக்கு அந்த ஊரு ஆகாதே. கம்பளிய மறக்காமப் போத்திக்கிறீங்களா? லொறி ஓட்டுற மூக்கன் போன கெழம வந்தப்பத்தான், நீங்க அங்க லொறிக்கும் பஸ்ஸுக்கும் பேரெழுதுற பட்டறையில இருக்கீங்கன்னு சொன்னான். எழுத்து ஒவ்வொண்ணும் அச்சுல ஊத்துன மாதிரி நிக்கிதாம். இந்தக் காயிதத்தையும் அவன் கையிலதான் குடுத்து விடுறேன்.

என் எழுத்தப் பாத்துச் சிரிக்காதீங்க. நான் பள்ளிக்கூடம் மிதிக்காதவன். எந்தங்கச்சி வேலாயி மூணாங்கிளாஸ் படிச்சப்ப, அண்ணனுக்கும் தெரியட்டும்னு அடுப்புக்கரியால சொவத்துல எழுதிக் காட்டுவா. அத வச்சித்தான் ஓட்டுறேன். பேசுற மாதிரித்தான் வரும்.

இங்க எல்லாரும் சொகம். எம் பொஞ்சாதி காளியாயிக்குத்தான் முட்டு வலி. புள்ளைக அஞ்சும் தின்னுக்கிட்டுத் திரியுதுக. நம்மள வேல வாங்குற கண்டாக்கையா கத கேட்டீங்களா? வேலைக்கு ஆள் எடுக்குற பெரட்டுக் களத்துல விடியக்காலம் பனிமூட்டம், ஆள் மூஞ்சி தெரியல. கண்டாக்கையா பேரு கூப்புட்டுக்கிட்டே வர்றாரு. “காத்தாயி”ன்னு கூப்புட்டப்ப, காத்தாயி வரல, அவ ஆடு மட்டும் வந்து நின்னு “ம்மே”ங்குது. அவரு நிமிந்து பாக்காம அர நாள் சம்பளத்துக்குப் பேரு போட்டுட்டாரு. சனம் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிச்சிச்சி. ஆட்டுக்குப் பேரு விழுந்தது, நமக்கு விழ மாட்டேங்குதேன்னு ஒரு கெழவன் கேட்டான் பாருங்க. அவரு கொடைய எடுத்துக்கிட்டு ஓடியாந்தாரு.

சரி, சொல்ல வந்தது அது இல்ல. வேலாயி பத்திச் சொல்லணும். நீங்க கோவிச்சிக்கிட்டுப் போன பெறகு தொரை அவளப் பங்களாவுல கூட்டிப் பெருக்குற வேலையில இருந்து நிப்பாட்டிட்டாரு. இப்ப மலையில கொழுந்து எடுக்குறா. லயத்து வீட்டுல ஒண்டியாத்தான் இருக்கா. எங்க சித்தி பூரணி இந்தியாவுக்கே போயிர்றதுன்னு பாசுபோட்டு எடுத்திருக்கா. புருசன் விட்டுட்டுப் போன பொண்ண இங்க விட்டுட்டுப் போகமாட்டேன்னு இவளுக்கும் எழுதிப் போட்டாச்சு. ஆடி பொறக்குறதுக்குள்ள கப்பல் ஏறிருவாங்களாம்.

நீங்க வந்து ‘வா’ன்னு ஒரு வார்த்த சொன்னா அவ போகமாட்டா. மூக்கனோட லொறியிலயே வந்துருங்க மாப்ள. அந்தப் பிளேன் விசயத்த மறந்துருங்க. பொம்ம தானே.

செல்லசாமி


கினிகத்தேனை,
26.4.1964

செல்லசாமி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. ஆட்டுக் கதையைப் படித்தேன். சிரிப்பு வரவில்லை.

பொம்மை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சமைக்கும் குசினியின் வாசலில் நின்றுகொண்டு, “புதுச் சாமான அழுக்காக்குறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு சம்பளம்” என்று நீங்கள் கேலி பேசியது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. அதனால் அந்த வேலை என்ன என்பதை ஒரு தடவை எழுதிவிடுகிறேன்.

தேயிலைப் பெட்டிகளுக்குத் தோட்டத்தின் பெயரை எழுதிக்கொண்டிருந்தவன் நான். துரைக்குச் சீமையிலிருந்து பெட்டி பெட்டியாக பிளாஸ்டிக் பிளேன் வரும். துண்டு துண்டாக இருக்கும். ஒட்டுவது அவர். யுத்தத்தில் வெந்துபோன கை என்பதால் பிரஷ் பிடித்தால் நடுங்கும். அதனால் என்னைக் கூப்பிட்டார். முதல் பிளேனுக்கு நான் பளபளவென்று பூசிக் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “நல்லமுத்து, இது இன்னும் பறக்கல” என்றார். அதற்குப் பிறகுதான் எனக்கு வேலை புரிந்தது. பறந்த பிளேனுக்கு இறக்கையில் புகை படியும். விமானி கால் வைத்து ஏறும் இடத்தில் பெயின்ட் தேய்ந்து தகரம் தெரியும். எண்ணெய் கசிந்து காற்றில் பின்பக்கமாக ஓடும். வெயில் பட்ட மேல்பக்கம் வெளுக்கும்.

விளக்குச் சிம்னிக் கரியைச் சுரண்டி, நான்கு விரல்கடை இறக்கையில் புகைக்கோடு போட்டேன். கறுப்பையும் மண்நிறத்தையும் டர்பன்டைனில் தண்ணீர் மாதிரிக் கரைத்து, தகடு சேருகிற மயிரளவு கோடுகளுக்குள் இறக்கினேன். வெள்ளிப் பெயின்டின் மேல் உங்கள் குசினி உப்பை ஒவ்வொரு கல்லாக ஒட்டி, அதன் மேல் பச்சை பூசி, காய்ந்ததும் உப்பை உதிர்த்தால், அடியிலிருந்து தகரம் தெரிகிற மாதிரி வரும். உப்பு குறைகிறது என்று நீங்கள் சண்டைக்கு வந்தீர்கள். ஒரு பிளேனுக்கு நாற்பது நாள். மூன்று பிளேன். அழுக்கு என்று நீங்கள் சொன்னது முழுவதும் என் வேலை. பெயின்ட் யாரும் பூசலாம்.

கொழும்பில் பிளேன் பழுது பார்க்கும் இடத்தில், பெயின்ட் பகுதிக்குப் பெரியவராக இருந்த துரையின் சிநேகிதர், அந்த மூன்றையும் பார்த்துவிட்டு எனக்கு வேலை தருவதாக இருந்தார். ஆயுத பூசைக்கு மறுநாள் நான்தான் காரில் போய் நானுஓயா ஸ்டேஷனில் அவரை ஏற்றிக்கொண்டு வந்தேன். துரை கண்ணாடி அலமாரியைத் திறந்தார். மூன்று பிளேனும் கழுவித் துடைத்து, மூக்கில் சந்தனப் பொட்டும் குங்குமமுமாக நின்றன. வந்தவர் சிரித்தார். நான் இதுவரை கேட்ட சிரிப்பிலெல்லாம் அதுதான் சத்தம் குறைந்தது.

“யார் செஞ்சது?” என்று துரை கேட்டார். “நான்தான் தொரை” என்றாள் உங்கள் தங்கை. பிறகு நான் கேட்டபோதும் அதையேதான் சொன்னாள். சோப்புத் தண்ணீரில் கழுவினேன், வேண்டுமென்று செய்யவில்லை என்றாள். அதற்கு இரண்டு நாள் முன்னால் எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “கொழும்புக்கு நான் வரமாட்டேன், ஒங்களையும் விடமாட்டேன்” என்று சொன்னவள் அவள். நான் என்ன நினைக்க வேண்டும்?

அவள் இந்தியாவுக்குப் போகட்டும். நான் போக நினைத்த இடத்துக்கு என்னைப் போகவிடாதவள், அவள் போக நினைக்கிற இடத்துக்குப் போகட்டும்.

நல்லமுத்து


வெள்ளிமலைத் தோட்டம்,
17.5.1964

மாப்ளைக்கு,

சொகமா? ஒங்க காயிதத்தப் படிக்க எனக்கு மூணு நாளாச்சு. ‘அவர்களுக்கு’ன்னு போட்டு எழுதியிருக்கீங்க. கவர்மெண்டு கச்சேரியில இருந்து வந்த காயிதமோன்னு காளியாயி பயந்துட்டா.

இங்க ஒரே மழ. லயத்துக் கூரையில தகரம் பேந்து, அடுத்த வீட்டுக் காம்பராக்காரன் குடிச்சிட்டு அது மேல கல்லு வைக்க ஏறுனான். ஏறுனவனுக்கு எறங்கத் தெரியல. அங்கனயே குந்திக்கிட்டு விடியிற வரைக்கும் ஒப்பாரி வச்சான். அவன் பொஞ்சாதி கீழ இருந்து, “இன்னும் ரெண்டு வரி பாடு, தூக்கம் வருது”ங்கிறா. நம்ம சனத்துக்கு இருக்குற கொழுப்பப் பாருங்க.

மாப்ள, நீங்க எழுதுனது ஒண்ணுதான் எனக்குப் பொறுக்கல. அவ வேணும்னு செஞ்சான்னு நெனக்கிறீங்க. கொழும்பு அவளுக்குப் பயம், ஒத்துக்கிறேன். பயந்த பொம்பள வாயாலதான் சொல்லுவா. கையால செய்யிறவ இல்ல அவ. ஆயுத பூச அன்னிக்கு பங்களாவுல என்ன நடக்கும்னு ஒங்களுக்குத் தெரியாதா? நீங்க தேயிலை ஸ்டோருல பெட்டி எழுதுற தகட்டுக்கெல்லாம் பொட்டு வச்சிக்கிட்டு இருந்தீங்க. இங்கயும் அதுதான். கறி வெட்டுற கத்தி, எறச்சி அரைக்கிற மெசினு, புல்லு வெட்டுறது, தொரையோட காரு, எல்லாத்தையும் கழுவிப் பொட்டு வைக்கிறது. தொழில் சாமான அழுக்கோட சாமிக்கு முன்னால வைக்கலாமா? அந்தப் பிளேன் மூணும் கரியும் எண்ணெயுமா அலமாரியில நின்னா, பாக்குறவங்களுக்கு என்ன தோணும்? விடிஞ்சா கொழும்புல இருந்து பெரிய மனுசன் வர்றாரு. மாப்ள செஞ்ச சாமான் இப்பிடி அழுக்கா நிக்கலாமான்னுதான் தோணும். பாசத்துல செஞ்சது மாப்ள. சோப்புக்கு அது அசையல. மண்ணெண்ணெய் தொட்டுத் தேச்சப்புறந்தான் போச்சு. அதுக்கு எம்புட்டு நேரம் ஆச்சுன்னு நெனக்கிறீங்க? ஒருத்தன் மேல வஞ்சம் வச்சவங்க அம்புட்டு மெதுவாத் தேப்பாங்களா, ஒடச்சிப் போட்டுட்டுப் போக மாட்டாங்களா?

நானும் ஒண்ணு கேக்குறேன். நாப்பது நாளு ஒரு ரெக்கையப் பாத்துக்கிட்டு இருந்தீங்களே. அவ மூஞ்சிய எத்தன நாளு பாத்தீங்க? இப்ப கொழுந்து கிள்ளி அவ வெரலெல்லாம் கறையேறிப் போச்சு. சித்தி திட்டுறா, கப்பல்ல வர்றப்ப கைய மூடிக்கன்னு.

பாசுபோட்டு வந்துருச்சு. நாள் குறிக்கல. வந்துருங்க.

செல்லசாமி


கினிகத்தேனை,
31.5.1964

மச்சான்,

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் எத்தனை தடவை படித்தேன் என்று தெரியாது. ‘மண்ணெண்ணெய் தொட்டுத் தேச்சப்புறந்தான் போச்சு.’

மண்ணெண்ணெய் என்று நான் எழுதவில்லை. வேலாயியும் என்னிடம் சொல்லவில்லை. அவள் சோப்புத் தண்ணீர் என்றுதான் சொன்னாள். டர்பன்டைனில் கரைத்து இறக்கிய கறை சோப்புக்குப் போகாது என்பது எனக்குத் தெரியும். பொய் சொல்கிறாள், எதையோ வைத்துச் சுரண்டியிருக்கிறாள் என்று நினைத்தேன். துரை தூக்கிப் போடச் சொன்ன மூன்றில் ஒன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். இன்று எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். சுரண்டிய கீறல் ஒன்றும் இல்லை. கோடு கோடாகத் துடைத்திருக்கிறது. இறக்கை மடிப்பில் நூல் ஒன்று ஒட்டியிருக்கிறது. நீலமும் வெள்ளையும். குசினியில் தட்டுத் துடைக்கும் துணியில் வருகிற நூல்.

பங்களாவில் மண்ணெண்ணெய்த் தகரம் குசினி அலமாரிக்குள் பூட்டியிருக்கும். சாவி உங்கள் இடுப்பில்.

சுற்றி வளைத்து எழுத வேண்டாம். ஆடு வேண்டாம், கூரை வேண்டாம். நீங்களா, அவளா? ஒரு வார்த்தை எழுதுங்கள். அவள் போகிற நாளையும் எழுதுங்கள். தபாலில் போடுங்கள், மூக்கனை எதிர்பார்த்து நாளைக் கடத்த வேண்டாம்.

நல்லமுத்து


வெள்ளிமலைத் தோட்டம்,
2.7.1964

மாப்ள,

ஒடம்பு எப்பிடி இருக்குன்னு கேட்டு எழுதத்தான் வாய் வருது. கேக்க எனக்கு மொகம் இல்ல. ஒரு மாசம் கடத்திட்டேன். தெனமும் காயிதத்த எடுப்பேன், அடுப்புல பால் பொங்கும், வச்சிருவேன். பால் பொங்கலன்னாலும் வச்சிருவேன்.

நான்தான் மாப்ள.

கத்தி, மெசினு எல்லாத்துக்கும் பொட்டு வச்சி முடிச்சிட்டு, சந்தனக் கிண்ணத்தோட அலமாரிப் பக்கம் போனேன். எல்லா வேலைக்கும் சாமி கும்புட்டோம், மாப்ள வேலைக்கும் ஒரு பொட்டு வைப்போம்னு தோணுச்சு. தொறந்து பாத்தா, ஒரே கரி. நீங்க அத நாப்பது நாளு ஒக்காந்து பூசுனது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் அந்த நேரத்துக்கு அது அழுக்காத்தான் தெரிஞ்சிச்சு. நான் குசினிக்காரன். கறையக் கண்டா என் கை நிக்காது. துடைச்சி முடிச்சி, பளபளன்னு நிறுத்தி வச்சிட்டு, மாப்ள வந்து பாத்தா கட்டிப் புடிப்பாருன்னு நெனச்சேன். இத எழுதுறப்ப எனக்கே என்ன அடிக்கணும்னு தோணுது.

வேலாயி அப்ப அங்க இல்ல. காலையில தொரை “யாரு”ன்னு கத்துனப்ப, நான் காப்பித் தட்டோட நிக்கிறேன். கோப்பை கடகடன்னு ஆடுது. அவ என்னப் பாத்தா, தட்டப் பாத்தா. “நான்தான் தொரை”ன்னுட்டா. பெறகு குசினியில வந்து, “ஒனக்கு வேல போனா அஞ்சு புள்ளைகளோட எங்க போவ? எனக்கு அவரு இருக்காரு”ன்னு சொன்னா. அவரு இருக்காருன்னு ஒங்களத்தான் சொன்னா.

நீங்க ரெண்டாம் நாளே போயிருவீங்கன்னு அவளும் நெனக்கல, நானும் நெனக்கல. போன பெறகு சொல்லுவோம்னு பாத்தேன். நாளாக நாளாக வாய் கெட்டிப்பட்டுப் போச்சு.

வர்ற வியாழக்கெழம, ஒம்பதாந் தேதி, நானுஓயாவுல காலம்பற ரயில் ஏறுறாங்க. அட்டன்ல கொஞ்ச நேரம் நிக்கும். ஒங்களுக்குக் கிட்டக்க அதுதான். மூணாவது கிளாசுல, சித்தியோட. நான் எழுதுறது அவளுக்குத் தெரியாது. போங்க மாப்ள. இந்தக் காயிதத்தையே கொண்டுபோய்க் காட்டுங்க.

செல்லசாமி


கினிகத்தேனை,
12.7.1964

மச்சான்,

உங்கள் கடிதம் புதன்கிழமை பின்னேரம் கையில் கிடைத்தது. வியாழன் காலை முதல் பஸ்ஸில் அட்டன் போனேன். ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகப் பார்த்துக்கொண்டே ஓடினேன். தலைமன்னாரில் கப்பல் ஏறப் போகிற சனம் மூட்டையும் பாத்திரமுமாக நிறைந்திருந்தது. ஐந்தாவது பெட்டியில், ஜன்னலோரம் வேலாயி. சித்தி என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“எதுக்கு வந்தீங்க?” என்றாள்.

“நீ செய்யலைன்னு தெரிஞ்சிருச்சு” என்றேன். உங்கள் கடிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

“அண்ணன் எழுதுச்சா?”

“அதுக்கு முந்தியே கண்டுபுடிச்சிட்டேன். மண்ணெண்ணெய்ல துடைச்சிருக்கு. குசினித் துணி நூலு ஒட்டியிருந்துச்சு.”

மச்சான், அதை நான் பெருமையாகச் சொன்னேன். சொல்லும்போதே தெரிந்தது. 

“அப்ப மண்ணெண்ணெய் வந்து சாட்சி சொல்லித்தான் நான் யாருன்னு ஒங்களுக்குத் தெரியுது” என்றாள்.

“நீதானே செஞ்சேன்னு சொன்ன?”

“செஞ்சேன்னு சொன்னேன். வேணும்னு செய்யலன்னும் சொன்னேன். ரெண்டும் ஒரே வாயிலதான் வந்துச்சு. மொதல்ல சொன்னது பொய்யி, அத நம்பிட்டீங்க. ரெண்டாவது சொன்னதுதான் நெசம்.”

“எறங்கு வேலாயி. கினிகத்தேனையில ஒரு அறை பாத்து வச்சிருக்கேன்.”

“எப்ப பாத்தீங்க?”

என்னால் மேலும் பொய் சொல்ல முடியவில்லை. “இனித்தான் பாக்கணும்.”

அவள் சிரித்தாள். கோபச் சிரிப்பு இல்லை. “நூலு ஒட்டுனத பாக்க ஒங்களுக்கு நேரம் இருந்துச்சு” என்றாள். சித்தி அவள் தோளைத் தொட்டார். ரயில் அசைந்தது. நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தேன். அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டாள். கறையேறிய கை என்று எழுதியிருந்தீர்கள். சரிதான், உள்ளங்கை வரைக்கும் கறுத்திருந்தது.

நீங்கள் ஜூன் மாதம் எழுதியிருந்தால் நான் லயத்துக்கே வந்திருப்பேன். ரயில் நிற்கிற நேரத்துக்குள் பேசி முடிக்கிற விஷயமா இது? உங்களுக்கு அவளும் வேண்டும், வேலையும் வேண்டும், நானும் வேண்டும், ஆனால் ஒன்றும் கொடுக்கக் கூடாது. எனக்கு மட்டும் என்ன. நான் அவளை நம்பவில்லை, நீங்கள் அவளைக் காப்பாற்றவில்லை. நம்மில் யார் பெரியவன் என்று பார்ப்பதற்கு இனிக் கடிதம் வேண்டாம்.

நல்லமுத்து


வெள்ளிமலைத் தோட்டம்,
16.8.1964

மாப்ள நல்லமுத்துக்கு,

சொகந்தானே? எழுத வேணாம்னீங்க. இந்த ஒண்ணு மட்டும் எழுதிக்கிறேன். தப்பால் காயிதம் கொண்டுபோற ஆளு வாசல்ல பொயிலை போட்டுக்கிட்டு நிக்கிறான். மழ கொஞ்சம் விட்டிருக்கு. தோட்டத்த கொழும்புல ஒரு சிங்கள மொதலாளி வாங்கிட்டாரு. பழைய தொரை மாசக் கடைசியில சீமைக்குப் போறாரு. பங்களா முழுக்க வைக்கோலும் பலகைப் பெட்டியும். ஒரு பூன அதுக்குள்ள குட்டி போட்டுருச்சு. ஆணி அடிச்சி மூடுன பெட்டிக்குள்ள இருந்து மியாவ்ங்குது, தொரை மறுபடி ஆணிய எல்லாம் புடுங்க வச்சாரு. பூனைக்குச் சீமைக்குப் போற யோகம் கெட்டுச்சு.

போன வெள்ளிக்கெழம தொரைகிட்டப் போயி நான் நெசத்தச் சொல்லிட்டேன் மாப்ள. கைய கட்டிக்கிட்டு, “தொரை, அந்தப் பிளேன தொடச்சது நான், எந்தங்கச்சி இல்ல”ன்னேன். அவரு புத்தகத்த அடுக்கிக்கிட்டு இருந்தாரு. நிமிந்து, “எந்தப் பிளேன்?”னு கேட்டாரு.

நான் எல்லாத்தையும் சொன்னேன். வேலாயி போனது, நீங்க போனது, எல்லாம். அவரு, “ஓ அதுவா. அது போன வருசம். பரவாயில்ல அப்பு, தேத்தண்ணி கொண்டா” அப்பிடின்னுட்டு அடுத்த புத்தகத்த எடுத்தாரு. தொழிலு போயிரும்னு பயந்து பத்து மாசம் வாயப் பொத்தியிருந்தேனே, அந்த விசயம் அவருக்கு ஞாபகத்துலயே இல்ல. புது மொதலாளி தன்னோட சமையக்காரனக் கூட்டியாறாராம். எனக்கு வர்ற மாசத்துல இருந்து மலை வேல.

வேலாயிகிட்ட இருந்து காயிதம் வந்துச்சு. காளியாயி பேருக்கு. துறையூர்ப் பக்கம் சித்தி வீட்டுல இருக்கா. கல்லு ஒடைக்கப் போறாளாம். வெயில் ஒத்துக்கலன்னு எழுதியிருக்கா. புள்ளைக பேரு ஒவ்வொண்ணாச் சொல்லி விசாரிச்சிருக்கா. ஒங்க பேரும் இல்ல, எம் பேரும் இல்ல. நாலு தடவ படிச்சிப் பாத்தேன். இல்ல.

மாப்ள, இவ்வளவு எழுதியும் எழுத வேண்டியத எழுதல. போன காயிதத்துல நெசத்தச் சொன்னேன்னு நெனச்சிருப்பீங்க. முழுசாச் சொல்லல. அன்னிக்குக் காலையில தொரை “யாரு”ன்னு கேட்டதும் அவ ஒடனே வாயத் தொறக்கல. ஒரு மூச்சு விடுற நேரம் இருந்துச்சு. அந்த நேரத்துல அவ என்னப் பாத்துக் கண்ணால கேட்டா, நான் சொல்லிக்கிட்டுமான்னு. சின்னப் புள்ளையில இருந்து எங்களுக்குள்ள அந்தக் கண்ணு ஜாட உண்டு. நான் வேணாம்னு சொல்லியிருக்கலாம். தலைய லேசா ஆட்டுனேன் மாப்ள, சரின்னு. கோப்பை ஆடுச்சுன்னு எழுதுனேன்ல, அது பயத்துல இல்ல, தலைய ஆட்டுனதுல ஆடுச்சு. யாருக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் தெரியும். பழியக் கூடப்பொறந்தவ தலையில வைக்க எனக்கு எப்பிடி மனசு வந்துச்சுன்னு கேப்பீங்க. ஏன் ஆட்டுனேன்னா மாப்ள, இத்தன வருசமா தொரை முன்னால ஒரே ஒரு தடவகூட இல்லன்னு, அந்தா தொரை கூப்புடுறாரு, வந்துட்டேங்கய்யா, ஏன் ஆட்டுனேன்னா நான்